மஞ்சள் பெடலின் கரகரப்பு

ஜூன் 3, திங்கள்

புதிய நோட்டு. கல்லூரியில் இயற்பியல் கற்பித்த காலத்தில், சோதனையைத் தொடங்கும் முன் அதன் திட்டத்தை எழுதும்படி மாணவர்களை வற்புறுத்துவேன். இப்போது என்னையே வற்புறுத்திக்கொள்கிறேன். இந்த நோட்டில் வரப்போகிறவை:

1. ரூபாவதியின் தாலாட்டைக் கிட்டாரில் வாசித்து, வீட்டிலேயே பதிவு செய்து, மகள் சுகிர்தாவுக்கு அவளுடைய பிரசவத்துக்கு முன் அனுப்புவது.
2. அதற்காக, கிட்டாரின் சுரத்தை நீட்டும் ஓர் ஓவர்டிரைவ் பெடல் வாங்குவது. விலை குறைந்ததே போதும். என் வாசிப்புக்கு உயர்ந்ததை வாங்கினால் அது பெடலுக்குச் செய்யும் அநியாயம்.
3. பெடலின் திருகுகளை ஒவ்வொன்றாக மாற்றி, எந்த நிலையில் என்ன கேட்கிறது என்று எழுதுவது.
4. இவை எதுவும் ரூபாவதியின் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது. அவள் இனிப் பாட மாட்டாள். பாட்டுச் சத்தம் அவளுக்கு வேதனை. ஆகவே கதவு மூடியிருக்க வேண்டும்.
5. நாள்தோறும் நன்றி சொல்ல ஒன்றையாவது கண்டுபிடிப்பது.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். நேற்று தேவாலயத்தில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெர்த்திலிருந்து சுகிர்தா அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

“அம்மா, எனக்குப் பாடுவீங்கல்லா, அந்தப் பேனாப் பாட்டு. அதைப் பாடி அனுப்புங்கம்மா. புள்ளை காதுல மொதமொத அதைத்தான் கேக்க வைக்கணும்.”

“போடி. இந்தத் தொண்டைல பாடினா புள்ளை பயந்துரும்.”

ரூபாவதி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள். உருவிய கீரை மூன்று நாளைக்குப் போதும்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவள் கழுத்திலிருந்த கட்டியை எடுத்தார்கள். அப்போது குரல் நரம்பு ஒன்று பலவீனமாகிவிட்டது. அப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கட்டியில் கெட்டது எதுவும் இல்லை என்று பிறகு சொன்னார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை. ஆனால் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்றவளின் குரல் இப்போது மணலில் செருப்பு உரசுவது போல இருக்கிறது. கோவிலில் பாட்டு வரும்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடி நிற்கிறாள். அன்றிலிருந்து நானும் வீட்டில் கிட்டாரை ஹெட்போன் மாட்டித்தான் வாசிக்கிறேன்.

பேனாப் பாட்டு அவளே கட்டியது. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டே தூங்கிப்போன ஒரு நாளில், தொட்டிலை ஆட்டியபடி கட்டினாள்.

ஆத்துல மீனு தூங்கிருச்சு
அரசமரத்துக் கிளி தூங்கிருச்சு
அப்பா கைப்பேனா தூங்கிருச்சு
அம்முக் கண்ணு எப்பத் தூங்கும்?

இன்றைய நன்றி: பாட்டு எனக்கு மறக்கவில்லை. மூன்றாம் அடியின் மெட்டில் மட்டும் சிறிது சந்தேகம்.

ஜூன் 5, புதன்

மின்கட்டணம் கட்டினேன். பெடலுக்கு ஆர்டர் கொடுத்தேன். கொடுத்த பிறகு, வேறொன்றைத் தேர்ந்திருக்கலாமோ என்று மாலை வரை யோசித்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

பெடல் வந்துவிட்டது. என் உள்ளங்கையளவு இரும்புப் பெட்டி, மஞ்சள் கிழங்கின் நிறம். மேலே மூன்று திருகுகள்: லெவல், டோன், டிரைவ். கீழே காலால் மிதிக்க ஒரு பித்தான்.

பார்சலை வாங்கியவள் ரூபாவதி.

“என்ன சாமான்?”

“ஒரு… மின்சாரச் சாமான்.”

“மிக்ஸி ஜாரா? அதுக்குத்தான் நாலு மாசமாச் சொல்லுதேன்.”

“ஜார் இல்லை.”

மேற்கொண்டு கேட்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்பதில் ஓர் ஆறுதல்.

ஜூன் 12, புதன்

புதன்கிழமை மதியம் ரூபாவதி பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போவாள். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, கிட்டாரைப் பெடலிலும் பெடலைச் சிறிய ஆம்ப்ளிஃபயரிலும் இணைத்தேன். நடுநிலையே நல்லது என்று மூன்று திருகுகளையும் நடுவில் வைத்தேன். மிதித்தேன்.

எழுத வெட்கமாக இருக்கிறது. நான் பயந்து தந்திகளைக் கையால் பொத்திவிட்டேன். ஓய்வுபெற்றபோது என் துறையினர் அன்போடு வாங்கிக் கொடுத்த கிட்டார் அது. அதிலிருந்து அப்படி ஓர் உறுமல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஜன்னல் திறந்திருந்ததைக் கவனிக்கவும் இல்லை. மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் கூப்பிட்டார்.

“சார்வாள், வீட்டுக்குள்ள ரைஸ்மில் போட்டுருக்கியளா?”

“இல்லை, ஒரு சோதனை…”

“மாவு அரைச்சுக் குடுப்பியன்னா நானும் ரெண்டு படி கொண்டாரேன்.”

ஜன்னலை மூடினேன். பெடலை நேரே கம்ப்யூட்டரில் இணைத்து ஹெட்போனில் கேட்டேன். தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு போல இருந்தது. தாலாட்டுக்கு இது ஆகாது. திருப்பி அனுப்ப வசதி உண்டு. காரணம் கேட்கும் கட்டத்தில் “கரகரப்பு அதிகம்” என்று எழுதினேன்.

நன்றி: ஆவுடையப்பன் நகைச்சுவை உணர்வு உள்ளவர்.

ஜூன் 13, வியாழன்

பெடலை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது ரூபாவதி காப்பியோடு வந்துவிட்டாள். மறைக்க நேரமில்லை.

“மின்சாரச் சாமானா இது? என்னத்துக்குத் திருப்பிக் கட்டுதிய?”

“கரகரவென்று இருக்கிறது.”

அவள் காப்பியை மேசையில் வைத்தாள். கதவருகே போய் நின்று சொன்னாள்:

“கரகரன்னு இருந்தா திருப்பி அனுப்பிருவியளோ?”

பத்து நாள் வரை எடுத்துக்கொள்வார்கள் என்று விளக்கினேன். சமையலறைக்குப் போய்விட்டாள். என்ன கோபம் என்று தெரியவில்லை. மதியம் குழம்பில் உப்புக் கூடுதல்.

ஜூன் 14, வெள்ளி

பெடலைத் திருப்பி அனுப்பவில்லை. காரணம்: அட்டைப்பெட்டியைச் சரியாக ஒட்ட எனக்கு வரவில்லை.

ஜூன் 17, திங்கள்

அவசரப்பட்டுவிட்டேன் போலும். ரூபாவதி ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் முறையாகத் தொடங்கினேன். கரகரப்பைக் கூட்டும் டிரைவை முழுதும் குறைத்துவிட்டுக் கடிகார முள்ளைத் தள்ளுவது போலச் சிறிது சிறிதாகத் திருப்பினேன். பத்து மணி நிலையில் அது நிகழ்ந்தது.

சுரம் தேயாமல் நின்றது.

அதைச் சொல்ல வேண்டும். எலக்ட்ரிக் கிட்டாரில் ஒரு தந்தியைத் தட்டினால் சுரம் பளிச்சென்று கேட்டு உடனே தேய்ந்துவிடும். தாலாட்டில் சுரம் மூச்சுள்ளவரை நீள வேண்டும். பெடலை வாங்கியதே அதற்காகத்தான். உள்ளே நடப்பது எனக்குப் பழக்கமான விஷயம். ஒலியலையை அளவுக்கு மீறிப் பெருக்கினால் அதன் தலை தட்டி மழுங்குகிறது. பெரிதாகத் தொடங்குவது வெட்டுப்பட்டு, தேய்வது தாங்கப்பட்டு, சுரம் ஒரே நிலையில் நெடுநேரம் நிற்கிறது. மழுங்கிய இடத்தில், முதலில் இல்லாத மேற்சுரங்களும் பிறக்கின்றன. காதுக்கு அதுதான் கரகரப்பு. கரும்பலகையில் எத்தனையோ முறை இதை வரைந்திருக்கிறேன். கேட்டது இன்றுதான்.

வண்டுச் சத்தத்துக்கும் காரணம் தெரிந்தது. ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் அந்தக் கூர்மையை விழுங்கிவிடுகிறது. கம்ப்யூட்டரில் நேரே இணைத்தால் விழுங்க ஆளில்லை. ஆகவே ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்துத்தான் பதிவு செய்ய வேண்டும். அப்படியானால் அறைக்குள் சத்தம் வரும். அப்படியானால் நான்காவது குறிப்பு?

ரூபாவதி வெளியே போகும் நேரங்களில் மட்டும் பதிவு செய்வேன்.

நன்றி: இவ்வளவு குறைந்த விலையில் இவ்வளவு நல்ல பெட்டியைச் செய்து அனுப்பிய, முகம் தெரியாத கைகளுக்கு.

ஜூன் 20, வியாழன்

நேற்று சங்கக் கூட்டத்துக்கு ரூபாவதி போகவில்லை. தலைவலியாம். இன்று வெளியே ஒரு வேலையும் இல்லையாம். சுகிர்தாவுக்கு நாள் நெருங்குகிறது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது.

“காத்து இந்த அடி அடிக்கி, சாத்திப் போட்டு வெந்துக்கிட்டு இருக்கிய. தொறந்து வச்சு வாசிங்க.”

“சத்தம் வரும், ரூபி.”

“நான் அடுப்படில மிக்ஸி போடப் போறேன். எனக்கு ஒண்ணும் கேக்காது.”

கதவை அகலத் திறந்து, அடியில் அம்மிக்குழவியை அண்டக் கொடுத்துவிட்டுப் போனாள். மிக்ஸி சத்தத்தில் கேட்காது என்பது சரியான தர்க்கம். ஆம்ப்ளிஃபயரில் மெதுவாக வாசித்தேன். மிக்ஸி அதிக நேரம் ஓடவில்லை.

ஜூன் 22, சனி

ஒரு சிக்கல். பதிவைக் கேட்கும்போது கிட்டாருக்கு அடியில் இன்னொரு சுரம் இருக்கிறது. மிக மெல்லியது. கிட்டாரின் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. பெடல் மேற்சுரங்களை உண்டாக்கும். ஒற்றைத் தந்தியில் கீழ்ச்சுரம் உண்டாக நியாயமில்லை. அடாப்டரின் குறையோ?

ஜூன் 24, திங்கள்

அடாப்டருக்குப் பதில் பேட்டரி போட்டேன். கீழ்ச்சுரம் இருக்கிறது. வயரை மாற்றினேன். இருக்கிறது. பெடலை அணைத்துவிட்டு வெறும் கிட்டாரை வாசித்தேன். அப்போதும் இருக்கிறது. பெடலைச் சந்தேகித்ததற்கு வருந்துகிறேன். ஃபிரிட்ஜின் இரைச்சலாக இருக்கலாம் என்று அதை அணைத்தேன். பால் திரிந்துவிடும் என்று ரூபாவதி சத்தம் போட்டாள்.

மேலும், ஃபிரிட்ஜ் தாலாட்டின் மெட்டைப் பின்பற்றுவதில்லை. இது பின்பற்றுகிறது.

ஜூன் 26, புதன்

ரூபாவதி இந்த வாரமும் சங்கத்துக்குப் போகவில்லை. சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. மைக்கை ஓடவிட்டு வாசித்தேன். மூன்றாம் அடியில் என் சுரம் மேலே ஏறியது. அந்தக் கீழ்ச்சுரம் ஏறவில்லை. என்னைவிட ஒரு நொடி முந்திக்கொண்டு சரேலென்று கீழே இறங்கியது. நான் தந்திகளைப் பொத்தினேன். கிட்டார் நின்ற பிறகும் அது நிற்கவில்லை. நான்காம் அடியை வார்த்தையோடு முடித்தது.

“அம்முக் கண்ணு எப்பத் தூங்கும்?”

சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“என்ன, நிறுத்திட்டிய?” சமையலறையிலிருந்து ரூபாவதி கேட்டாள். பிறகு கத்தியோடும் ஒரு பீன்ஸோடும் வாசலில் வந்து நின்றாள். “மூணாவது அடிய எப்பவும் தப்பாத்தான் வாசிக்கிய. பேனா தூங்கினா கையவிட்டுக் கீழதான விழணும்? நீங்க மேல தூக்குதிய.”

“நீ எவ்வளவு நாளாக…”

“அந்தப் பெட்டி வந்து பத்துப் பதினஞ்சு நாளா ஒரே பாட்டு. சாத்தின கதவுக்கு வெளிய நின்னு வெறுந்தந்திச் சத்தத்த எத்தன நாளைக்குக் கேக்க? அதான் தொறந்து வச்சேன்.”

“பாட்டுச் சத்தம் உனக்கு வேதனையாக இருக்கும் என்று…”

“நான் சொன்னேனா?”

சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தேன். ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

“ரெண்டு வருசமா அந்த ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கிய. என் தொண்டைதான போச்சு? நீங்களும் சேந்து வாயப் பொத்திக்கிட்டிய. யாரு செத்துப் போனா இந்த வீட்ல?”

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

“ரூபி, மைக் ஓடிக்கொண்டிருக்கிறது.”

“ஓடட்டும்” என்றாள். கையிலிருந்த பீன்ஸை ஒடித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தாள். “மறுபடி எடுங்க. மூணாவது அடில கீழ வாங்க.”

கீழே வந்தேன்.

ஜூன் 27, வியாழன்

அவளுக்காக முழுப் பாட்டையும் ஜி-யிலிருந்து டி-க்கு இறக்கினேன். பழைய உயரத்தில் குரல் உடைகிறது. இங்கே உட்கார்கிறது. ஆனால் சுகிர்தாவுக்குப் பாடி அனுப்பச் சம்மதமா என்றால் பேச்சை மாற்றுகிறாள். “உங்க கிட்டார மட்டும் அனுப்புங்க. நான் சும்மா கூட இருக்கேன்.”

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 30, ஞாயிறு

நீளமாக எழுத வேண்டிய நாள்.

ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன் பதிவு செய்ய உட்கார்ந்தோம். மைக்குக்கு ஒரு பக்கம் ஆம்ப்ளிஃபயர், மறுபக்கம் ரூபாவதி. பாட அல்ல, சும்மா கூட இருக்க. புடவையைக்கூட மாற்றவில்லை. தொண்டையை இரண்டு முறை செருமினாள். நான் டிரைவைப் பத்து மணி நிலையில் வைத்தேன்.

முதல் முறை வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இரண்டாம் முறை “ஆத்துல” என்பதோடு நின்றுவிட்டாள்.

“என் சத்தந்தான் தனியாத் துருத்திக்கிட்டுத் தெரியுது” என்றாள். “உங்களது எண்ணெய் தடவி வாரின தலை மாதிரி இருக்கு. பக்கத்துல நான் பரட்டத்தலையோட நிக்கேன். அந்தத் திருகத் திருப்புங்க.”

“எதை?”

“கரகரப்புத் திருகு. எனக்கு ஈடா வரட்டும்.”

“பத்து மணியைத் தாண்டினால் ஆவுடையப்பன்…”

“அவருக்கு நான் சாயந்திரம் வடை குடுத்தனுப்புதேன். திருப்புங்க.”

திருப்பினேன். பதினொன்று. தலையாட்டினாள். பன்னிரண்டு. இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி நான் பயந்து தந்தியைப் பொத்தின அதே நடுநிலை. இன்று பயமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஜன்னலை மூடவில்லை. கிட்டாரின் சத்தத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, அவள் மூச்செடுப்பதைப் பார்த்து வாசித்தேன்.

பாடினாள். நான்கு அடியும். பழைய குரல் வரவில்லை. அதை எதிர்பார்த்து நான் கேட்டுக்கொண்டிருந்ததும் முதல் அடியோடு முடிந்துவிட்டது. “கிளி” என்ற இடத்தில் அவள் குரல் பிளந்தது. அதே இடத்தில் கிட்டாரும் பிளந்தது. எது எவருடையது என்று பதிவைக் கேட்டபோது எனக்கே பிரிக்க முடியவில்லை. மூன்றாம் அடியில் பேனா ஒழுங்காகக் கீழே விழுந்தது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவள் தன் பாட்டைக் கேட்பது இதுவே முதல் முறை. முழுவதும் கேட்டாள். முந்தானையை மடியில் மடித்து மடித்துப் பிரித்தாள்.

“புள்ளை பயந்துருமாங்க?”

தெரியாது என்றேன். பிறக்காத குழந்தையைப் பற்றி நான் எப்படி உறுதி சொல்ல முடியும்?

“உங்களுக்கு?”

“எனக்கு இது பிடித்திருக்கிறது, ரூபி. பழையதுக்கு அடுத்தபடியாக அல்ல.”

இந்த வாக்கியத்தை நான் யோசிக்காமல் சொன்னேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அனுப்பும் பித்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு, ஒருமுறை கூடக் கேட்டுவிடலாமா, அடியில் ஃபிரிட்ஜ் இரைகிறதோ என்று தயங்கினேன். ரூபாவதி என் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்திவிட்டாள்.

மாலையில் வடைத் தட்டோடு மதிலருகே போனேன். ஆவுடையப்பன் உடனே தட்டை வாங்கவில்லை.

“மத்தியானம் பாடினது யாரு சார்வாள், ரூபாவதி மைனியா?”

“ஆமாம். தொந்தரவாக இருந்திருந்தால்…”

“ரேடியோவ அணைச்சுட்டுல்லா கேட்டோம்” என்றார். “ரைஸ்மில்ல இனிம ஜன்னலச் சாத்தாதிய.”

இன்று நன்றி சொல்ல வேண்டியவை அதிகம். எழுத இடம் போதாது.

ஜூலை 8, திங்கள்

பேரன் பிறந்தான். தாயும் பிள்ளையும் நலம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஜூலை 10, புதன்

சுகிர்தா வீடியோவில் அழைத்தாள். குழந்தை துணிப்பொதிக்குள் சிவந்து கிடந்தான். ரூபாவதி பார்த்தாள், கொஞ்சினாள், எடை கேட்டாள், பால் கட்டியிருக்கிறதா என்று கேட்டாள். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. சுகிர்தாவே சொன்னாள்.

“அம்மா, உங்க பாட்டப் போட்டேன். வீல் வீல்னு கத்திக்கிட்டு இருந்தவன், கரகரன்னு வந்ததும் அழுகைய நிறுத்திட்டான்.”

“பயந்துட்டானா?”

“பயமா? கண்ண முழிச்சு, தலையத் திருப்பித் திருப்பித் தேடுதாம்மா. யாருடா இவங்கன்னு. பாட்டு முடிஞ்சா திரும்பக் கத்துதான். ராத்திரியெல்லாம் அதே ஓட்டந்தான். எங்க மாமியாருக்கே மனப்பாடமாயிட்டு.”

“திருநெவேலி லாரி வருதுன்னு நெனச்சிருப்பான்” என்றாள் ரூபாவதி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பாதியில் பிளந்தது. இந்த முறை போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகவில்லை.

மதியம் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பினாள். பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பி, “நான் வாரதுக்குள்ள அந்த மிக்ஸி ஜாருக்கும் ஆர்டர் போட்டுருங்க” என்றாள்.

போட்டேன். பிறகு நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்று நிறைவேறியது. இரண்டில் பிழையில்லை, பெடலைக் குறைத்து மதித்ததைத் தவிர. மூன்று இன்னும் முடியவில்லை. டோன் திருகை முதல் நாள் நடுவில் வைத்ததோடு சரி. ஐந்து தினமும் தானாகவே நடக்கிறது.

நான்காவது குறிப்பு தவறு. அவளிடம் கேட்காமலேயே எழுதியிருக்கிறேன். கதவை மூடி வைத்தவன் நான். அம்மிக்குழவி இன்னும் கதவடியில்தான் இருக்கிறது. துவையல் அரைக்க வேண்டும் என்றால் வந்து எடுத்துக்கொண்டு போகிறாள். அரைத்ததும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, மறுபடியும் கதவுக்கே அண்டக் கொடுக்கிறாள்.